கறுத்துவிட்டால் நனோ ஆகிவிடுமா?

இலைச்சாற்றில் இரும்பு நனோ துணிக்கை (மீநுண் துகள்) செய்வதென்றால் கொழும்பில் இறுதியாண்டுப் பிள்ளைகளுக்கு ஒரு தனி விருப்பம். தேயிலை எந்தக் கடையிலும் கிடைக்கும், வேம்பும் முருங்கையும் வளவிலேயே நிற்கும். கையுறை போடு, பாத்திரத்தைக் கழுவு என்றெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை. அவர்கள் விடும் பிழைகளை மட்டும் சொல்கிறேன்.

குழாய்த் தண்ணீர்

வேண்டாம். காய்ச்சி வடித்த நீர் மட்டும்.

கறுப்பை நம்புவது

தேயிலைச் சாற்றில் பெரிக் குளோரைட்டு என்ற இரும்பு உப்பை விட்டால் கண்மூடித் திறப்பதற்குள் கறுத்துவிடும். உடனே போத்தலில் ‘உலோக இரும்பு’ என்று எழுதி ஒட்டிவிடுகிறார்கள். இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் பொறுக்காது. அந்தக் கறுப்பு, இரும்பு அயனும் இலைச்சாற்றிலுள்ள பொலிபீனோல் என்ற பொருளும் சேர்ந்த சிக்கல் சேர்வை. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை செய்தவர்களுக்குக் கிடைத்ததும் இதேதான்.

பெரிக் இரும்பை (Fe³⁺) பெரசாக்க (Fe²⁺) பொலிபீனோலால் முடியும். அந்த மாற்றத்தின் நியம அழுத்தம் (இலத்திரனை ஏற்கும் நாட்டத்தின் அளவு) +0.77 வோல்ட்டு. பெரசை உலோகமாக்குவதற்கோ −0.44. அதற்கு இலைச்சாற்றின் வலு போதாது. வெள்ளிக்கு +0.80 என்பதால் அங்கே பலிக்கிறது. அந்தச் செய்முறையை அப்படியே இரும்புக்குத் தூக்கி வராதீர்கள்.

மெதிலீன் நீலம் என்ற சாயத்தில் துணிக்கையையும் ஐதரசன் பரவொட்சைட்டையும் விட்டுச் சோதித்த ஒரு மாணவி வந்து, “மெதிலீன் நீலம் நிறம் போயிட்டுது சேர், துணிக்கை வேலை செய்யுது” என்றார். “வெறும் பெரிக் குளோரைட்டோட, அதே அளவு ஐதரசன் பரவொட்சைட்டு விட்டுப் பாத்தீங்களா பிள்ளை?” என்று கேட்டேன். பார்க்கவில்லை. பிறகு செய்து பார்த்தபோது துணிக்கை இல்லாமலே நீலம் வெளிறியது. கரைந்த இரும்பே பென்டன் தாக்கத்தை (இரும்பும் பரவொட்சைட்டும் சேர்ந்து சாயத்தைச் சிதைப்பதை) நடத்திவிடும். காசு கட்டி எடுத்த எக்ஸ்ஆர்டியிலும் (பளிங்கமைப்பைக் காட்டும் எக்ஸ் கதிர்ச் சோதனை) உலோக இரும்புக்குரிய 44.7 பாகை உச்சி இல்லை, அகன்ற மேடு ஒன்றுதான். மாதக்கணக்கான அளவீடுகளை அவர் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று.

ஆகவே சாறு தனியாக, உப்பு தனியாக, இரண்டும் சேர்ந்து என்று மூன்றையும் முதல் நாளே ஓட்டுங்கள். துணிக்கையைப் பிரித்த பிறகு மேல்நீரில் எஞ்சும் இரும்பையும் அளவுங்கள். கிடைத்தது இரும்பு–பொலிபீனோல் துணிக்கை என்றால் அப்படியே எழுதுங்கள். அதுவும் பயனுள்ள பொருள்தான்.

காரத்தை அவசரமாக ஊற்றுவது

காரம் விட்டதும் கபில நிறத்தில் படிந்தால் அது பெரும்பாலும் இரும்பு ஐதரொட்சைட்டு. துளித்துளியாக விடுங்கள், கலக்கிக்கொண்டே.

பழைய சாறு

நம் ஊர்ப் புழுக்கத்தில் வெளியே வைத்த சாறு சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும். அன்றன்று வடித்ததே நல்லது. அப்புறம், இலை தளிரா முற்றலா, எத்தனை கிராம், எந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் என்பதைக் கொப்பியில் அன்றைக்கே எழுதுங்கள். அடுத்த மழைக்காலத்து இலையில் அதே சாறு வராது.