காற்றாலை அஸ்திவாரத்துக்கு மண்ணாய்வு: சேலத்திலிருந்து தொடங்குவோம்

தமிழ்நாட்டில் காற்றாலைகள் கூட்டமாக நிற்பது முப்பந்தல், கயத்தாறு, பல்லடம் பக்கம்தான். ஆனாலும் அவற்றுக்கான மண்ணாய்வைப் பழக சேலம் அருமையான இடம். சேர்வராயன் மலையின் சார்னோகைட் என்ற கெட்டிப் பாறை எப்படிச் சிதைந்து மண்ணாகிறது என்பதை ஏற்காடு சாலையோரத்திலேயே பார்த்துவிடலாம்.

தொடங்குமுன் ஒன்று. சாதாரண வீட்டில் எடையைத்தான் முதலில் பார்க்கிறோம். காற்றாலையில் சாய்க்கும் விசைதான் பெரிது. உயரத்தில் காற்று தள்ளும்போது அஸ்திவாரத்தின் ஒரு விளிம்பு மண்ணை அழுத்தும், எதிர் விளிம்பு எழப் பார்க்கும். காற்று திசை மாறினால் அழுத்தமும் இடம் மாறும். அதனால் நடுவில் மட்டும் மண் நன்றாக இருந்தால் போதாது.

படி 1: கண்ணால் பாருங்கள். மலைப்பாதையில் சரிவை வெட்டிய இடத்தை, வண்டிகளுக்கு ஒதுங்கி நின்று கவனியுங்கள். மேலே செம்மண், அடுத்து கையால் உதிர்க்கக்கூடிய சிதைந்த பாறை, அதன் கீழே கெட்டிப் பாறை. சிதைந்த அடுக்குக்குள் அங்கங்கே பெரிய உருண்டைக் கற்கள் சிக்கியிருக்கும். இவற்றை மறக்காதீர்கள்.

படி 2: துளையிட்டு அடித்துப் பாருங்கள். ஒவ்வொரு காற்றாலைக்கும் குறைந்தது ஒரு துளை தனியாக வேண்டும். பக்கத்துக் காற்றாலையின் அறிக்கை இதற்கு உதவாது. துளைக்குள் 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் 45 செ.மீ. இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுவார்கள். முதல் 15 செ.மீ. கணக்கில் வராது. ஒவ்வொரு 15 செ.மீ.க்கும் 8, 12, 15 என்று அடி விழுந்தால், மண்ணின் கெட்டித்தன்மையைக் காட்டும் ‘N’ மதிப்பு 12 + 15 = 27.

படி 3: பாறை வந்துவிட்டது என்று உடனே நம்பாதீர்கள். நம் மலைப்பகுதியில் ஏமாறுவது இங்கேதான். 50 முறை அடித்தும் குழாய் 15 செ.மீ.கூட இறங்கவில்லை என்றால் அது அடிப்பாறையாக இருக்கலாம். படி 1-இல் பார்த்த உருண்டைக் கல்லாகவும் இருக்கலாம். கல்லுக்குக் கீழே மறுபடி மண் இருந்தால் ஒரு பக்கம் அமிழும், கோபுரம் சாயும். எனவே வைர முனையால் இன்னும் சில மீட்டர் துளைத்து, வரும் கல் துண்டுகளைப் பெட்டியில் வரிசையாக அடுக்கச் சொல்லுங்கள். 10 செ.மீ.க்குக் குறையாத துண்டுகளின் நீளத்தை மட்டும் கூட்டுங்கள். 150 செ.மீ. துளைத்ததில் அவை 105 செ.மீ. என்றால் ஆர்.கியூ.டி. (RQD) எனப்படும் பாறைத் தர அளவு 70 சதவீதம், சுமாரான பாறை. 25-க்குக் கீழே போனால் மிக மோசம். சந்தேகம் தீரவில்லையா? விளிம்புப் பக்கம் இன்னொரு துளை போடுங்கள். செலவைப் பார்க்காதீர்கள்.

படி 4: நீர்மட்டம். துளையிட்டு ஒரு நாள் விட்டு அளவெடுங்கள். கோடையில் அளந்தால், ஐப்பசி மழைக்குப் பிறகு மட்டம் எவ்வளவு ஏறும் என்று பக்கத்துக் கிணற்றுக்காரரிடம் கேளுங்கள். ஒரு கன மீட்டர் காங்கிரீட் ஏறத்தாழ 2.5 டன். தண்ணீரில் மூழ்கினால் மிதப்பு விசையால் அது 1.5 டன்னாகத்தான் வேலை செய்யும். சாயாமல் பிடித்து நிறுத்துவதே அந்த எடை என்பதால், இந்த ஒரு அளவு அஸ்திவாரத்தின் அகலத்தையே மாற்றிவிடும்.

படி 5: அப்புறம், கிரேன் நிற்கும் தளத்தையும் சோதியுங்கள். இறக்கைகளைத் தூக்கும்போது அங்கே மண் அமிழ்ந்தால் ஆபத்து. இடிதாங்கியின் எர்த்திங்குக்காக மண்ணின் மின்தடையையும் அளக்க வேண்டும். பாறை நிலத்தில் அது அதிகமாக இருக்கும், எர்த்திங் கம்பிகளைக் கூடுதலாகப் பதிக்க வேண்டிவரும்.