பேஸ்பால் மைதானத்தில் ஐஸ் ஹாக்கி: முதல் வரிசை டிக்கெட் எடுக்காதீர்கள்

"அண்ணா, முதல் வரிசையே கிடைச்சிருச்சு!" என்று தம்பி ஒருவன் போனில் சொன்னதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. வின்டர் கிளாசிக் என்பது வட அமெரிக்காவின் என்.எச்.எல். ஐஸ் ஹாக்கி லீக் புத்தாண்டையொட்டித் திறந்தவெளி மைதானத்தில் நடத்தும் ஆட்டம். அதற்குப் புதிதாகப் போகிறவர்கள், நான் செய்த அதே தவறை வரிசையாகச் செய்கிறார்கள். கோட்டும் குல்லாயும் வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். தெரியாததைச் சொல்கிறேன்.

முதல் வரிசை

உள்ளரங்கில் கண்ணாடியை ஒட்டிய இருக்கைக்குத்தான் மவுசு. அதே நினைப்பில் இங்கேயும் கீழ் வரிசைக்குப் பணத்தைக் கொட்டுகிறோம். பேஸ்பால் மைதானத்தின் கீழ் வரிசை தரையிலிருந்து சில அடி உயரம்தான். நடுவில் மறைப்பே இல்லாத பேஸ்பாலுக்கு அது போதும். ஹாக்கி ரிங்க், அதாவது ஐஸ் ஆடுகளம், 200 அடி நீளம், 85 அடி அகலம். மைதானமோ பேட்டர் நின்று அடிக்கும் ஹோம் பிளேட்டிலிருந்து எதிரே உள்ள நடுச்சுவர் வரைக்கும் சுமார் 400 அடி. ஆக, ரிங்க் எங்கோ நடுவில் கிடக்கும். அதைச் சுற்றி மூன்றரை அடிப் பலகை, அதற்கு மேல் கண்ணாடி. ஆட்டக்காரர்கள் அடித்து விளையாடும் ரப்பர் வட்டுதான் பக். அதன் தடிமன் ஒரே ஒரு அங்குலம். தாழ்வாக, தள்ளி உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு அது எப்படித் தெரியும்?

எனக்குத் தெரிந்ததெல்லாம் ஹெல்மெட்டும் தோளும்தான். நம் பக்கத்துப் பலகையோரம் வந்தாலே பக் மறைந்துவிடும். குறுக்கே ஒரு கேமரா மேடை. பெஞ்சுக்குப் பின்னால் நின்ற பயிற்சியாளரின் கறுப்புக் கோட்டு. கோல் விழுந்ததையே மேல்மாடத்தில் கூச்சல் எழுந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். மனைவிக்கும் எனக்குமாக இரண்டு டிக்கெட், அந்த மாத வாடகையில் பாதி. பெரிய திரையைப் பார்ப்பதற்கா அவ்வளவு பணம்? இன்று நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. விற்றவர்கள் காட்டிய இருக்கைப் படத்தில் ரிங்க் வெறும் வெள்ளைக் கட்டம். பலகையின் உயரம் அதில் இல்லை.

மூன்று பகுதிகளில் இரண்டாவது பீரியட் நடக்கும்போதே மேல்மாடத்துக்கு ஏறிப்போய் ஓரமாக நின்றேன். ஐந்தே நிமிஷம். பக் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது, எந்த மூலை காலியாகிறது, எல்லாம் கண்முன்னே விரிந்தது. அந்த இருக்கைக்கு நான் கொடுத்ததில் பாதி விலைகூட இல்லை.

ரிங்கின் நீளப்பக்கத்தை நோக்கிய மேல்மாடத்தில் முன் வரிசைகளாகப் பார்த்து எடுங்கள். கிடைக்காவிட்டால் கீழ்த்தளத்தின் பின்வரிசைகள். ஆனால் தலைக்கு மேலுள்ள மாடம் பெரிய திரையை மறைக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். தம்பி அன்றிரவே டிக்கெட்டைக் கைமாற்றிவிட்டு மேலே இடம் பிடித்தான்.

குளிர் ஊரென்றால் ஐஸ் நன்றாக இருக்கும் என்ற நினைப்பு

2014 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர் ஸ்டேடியத்தில் இதே மாதிரி ஒரு திறந்தவெளி ஆட்டம் நடந்தது. குளிரே இல்லாத ஊர். ரிங்குக்கு அடியில் குழாய்களில் குளிரூட்டிய கிளைகோல் திரவம் ஓடியது. பகலில் ஐஸைப் போர்த்தி வைத்து, இரவில் வேலை பார்த்தார்கள். 2022இல் மினியாபொலிஸ் டார்கெட் ஃபீல்டில் மைனஸ் 21 டிகிரி செல்சியஸ். அங்கே ஐஸ் விறைத்து வெடிக்காமலிருக்க, அடியிலிருந்து சூடு கொடுக்க வேண்டியிருந்தது. ஐஸுக்கு வெயிலும் மழையும்தான் பெரிய எதிரிகள்.

அறிவித்த நேரத்தை நம்பி ரயில் பிடிப்பது

2012இல் பிலடெல்ஃபியாவின் சிட்டிசன்ஸ் பேங்க் பார்க்கில் மதியம் ஒரு மணிக்குத் தொடங்கவேண்டிய ஆட்டம் மூன்று மணிக்குத் தள்ளிப்போனது. 2014இல் நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியத்தில் நடந்த திறந்தவெளி ஆட்டத்திலும் தாமதம். இரண்டுக்கும் காரணம் ஐஸில் பட்டுக் கண்ணைக் கூசவைத்த வெயில். திரும்பும் ரயிலுக்கு இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

கால்

கான்கிரீட்டின் சில்லிப்பு ஷூவுக்குள் ஏறும். பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்துக் காலடியில் போடுங்கள்.

போன்

டிக்கெட் அதில்தான் இருக்கிறது. குளிரில் சார்ஜ் மளமளவென்று இறங்கும். கோட்டுக்கு உள்பையில் வையுங்கள்.