பழங்குடி ஊருக்கு வீடு கட்டத் திட்டம் வரையப் போகிறீர்களா?

முதல் நாளே டேப்பும் கையுமாக அளக்கப் போகாதீர்கள். சும்மா போய் உட்காருங்கள், ஊரைச் சுற்றி நடங்கள்.

நீலகிரியில் தோடர்களின் மந்து (அவர்கள் குடியிருப்பு) ஒன்றுக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மூங்கிலை வளைத்து, பிரம்பால் இறுக்கிக் கட்டி, மேலே புல் வேய்ந்த பழைய வீடு, பாதி உருளையைக் கவிழ்த்து வைத்தது போல இருக்கும். வாசல் மூன்றடி உயரம்தான், தவழ்ந்துதான் உள்ளே போக முடியும். பார்த்ததும் அந்த வளைவை அப்படியே கான்கிரீட்டில் வார்த்துவிடலாம் என்று கை பரபரக்கும். வேண்டாம். அந்தச் சின்ன வாசல் மலைக்குளிரைத் தடுக்கிறது, அடுப்புப் புகை கூரையைப் பூச்சி அரிக்காமல் காக்கிறது. வடிவத்தை மட்டும் எடுத்தால் இதெல்லாம் கிடைக்காது.

அதைவிட முக்கியம், வீடு மட்டும் மந்து ஆகாது. எருமைப் பட்டி, பால் கோயில் (புனித எருமைகளின் பாலைப் பதப்படுத்தும் கோயில்), மேய்ச்சல் புல்வெளி எல்லாம் சேர்ந்ததுதான் மந்து. பால் கோயில் பக்கம் பெண்கள் போவதில்லை. இது தெரியாமல் தண்ணீர்க் குழாயை அந்தப் பக்கம் போட்டால் யார் போய்ப் பிடிப்பது? அதனால் பெண்களிடம் தனியாக உட்கார்ந்து கேளுங்கள், அப்புறம் தரையிலேயே கயிறு போட்டு எது எங்கே வரும் என்று காட்டி, அவர்களையே கயிற்றை நகர்த்தச் சொல்லுங்கள்.

இன்று பெரும்பாலான தோடர்கள் ஓட்டு வீட்டிலும் கான்கிரீட் வீட்டிலும்தான் இருக்கிறார்கள். அதுதான் வேண்டும் என்றால் சரி, அதையே நன்றாகக் கட்டிக் கொடுங்கள், பழமையை அவர்கள் தலையில் கட்டாதீர்கள். புல் கூரைதான் வேண்டும் என்றால் புல் எங்கே கிடைக்கும் என்று முதலில் பாருங்கள்; சீகை (வாட்டில் மரம்), யூகலிப்டஸ் தோட்டங்கள் போட்டதில் புல்வெளி நிறைய அழிந்துவிட்டது. மூங்கிலும் பிரம்பும் 2006 வன உரிமைச் சட்டப்படி சிறு வன விளைபொருள், சேகரிக்கும் உரிமைக்குக் கிராம சபை வழியாக மனுப் போடலாம்.

'கட்டிக் கொடுத்தாலும் பராமரிக்க மாட்டார்கள்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆஸ்திரேலியாவில் ஆயிரக்கணக்கான பூர்வகுடி வீடுகளில் ஒவ்வொரு பழுதையும் பதிவு செய்தே சரிபார்த்தார்கள்; குடியிருப்பவர்கள் கையால் வந்த பழுது சுமார் பத்தில் ஒரு பங்குதான். மீதியெல்லாம் கட்டும்போதே செய்த தப்பும், யாரும் வந்து ரிப்பேர் பார்க்காததும். ஆகவே ரிப்பேருக்கும் சேர்த்தே எஸ்டிமேட் போடுங்கள், ஊர்க்காரர்கள் கையாலேயே மாற்றக்கூடிய குழாயையும் தாழ்ப்பாளையும் வாங்குங்கள், முதல் மழைக்காலம் முடிந்ததும் நீங்களே போய் எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள்.