ரயிலில் ஏற முடியாமல் போனால்: டிக்கெட்டோடு என்ன செய்வது?

போன வருடம் பெரியம்மாவைக் கண்டி கிளினிக்குக்கு அழைத்துப் போக இரண்டாம் வகுப்பில் ஆசனம் ஒதுக்கியிருந்தேன். வண்டி வந்தது. எங்கள் பெட்டியின் வாசலில் முதுகுப்பைகளும் முழங்கால்களுமாக அடைத்துக்கிடந்தன. பெரியம்மா ஒரு காலைப் படியில் வைத்தார், மறுகாலுக்கு இடமில்லை. பச்சைக்கொடி அசைந்தது, வண்டி போய்விட்டது. கோபத்தில் பஸ்ஸுக்கு ஓடினோம். வெளிவாசலில் கை நீட்டியவரிடம் பழக்க தோஷத்தில் டிக்கெட்டையும் கொடுத்துவிட்டேன். பணமும் போயிற்று, பயணத்துக்கு இருந்த ஒரே அத்தாட்சியும் போயிற்று. இனி எழுதுவதெல்லாம் அன்று நான் செய்யாதவை.

1. கையில் இருப்பது எந்த டிக்கெட்?

ஒதுக்கப்படாத மூன்றாம் வகுப்பு டிக்கெட் அந்த வகுப்பில் பயணம் செய்யத்தான், ஆசனத்துக்கு அல்ல. அதை வைத்துக்கொண்டு "எனக்கு இடம் எங்கே?" என்று சண்டை பிடிப்பதில் பயனில்லை. ஒதுக்கிய டிக்கெட் வேறு: பெட்டியும் ஆசன எண்ணும் அதில் இருக்கும். அந்த இடத்துக்கு நீங்கள் போய்ச் சேர முடியவில்லை என்றால் அது நியாயமான முறைப்பாடு.

பதுளையிலிருந்து வரும் வண்டி எல்ல, ஹப்புத்தளை தாண்டி எங்கள் பக்கம் வரும்போது பெரும்பாலும் நிரம்பியே வருகிறது. இன்னும் நாலு பெட்டி கோர்த்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. மலைப்பாதை சில இடங்களில் 44 அடிக்கு ஓர் அடி ஏறுகிறது, வளைவுகளும் இறுக்கமானவை. எஞ்சின் இழுக்கும் அளவுக்குத்தான் பெட்டி.

2. நிலையத்தை விட்டு வெளியேறாதீர்கள்

முக்கியமான படி இதுதான். வண்டி நிற்கும்போதே கார்ட்டிடம் சொல்லுங்கள், ஆசன எண்ணைக் காட்டுங்கள். வாசலை விலக்கிவிட அவர் ஒரு வார்த்தை சொன்னால் காரியம் முடிந்துவிடலாம். வண்டி போய்விட்டதா? நேரே நிலைய அதிபரிடம் போங்கள். டிக்கெட்டின் இரு பக்கத்தையும், முடிந்தால் நெரிசலையும் கைபேசியில் படமெடுங்கள். அடுத்த வண்டியில் போக அனுமதி, இல்லையேல் பணம்: இரண்டில் ஒன்றைக் கேளுங்கள். இரண்டும் இல்லை என்றால், நீங்கள் வந்து சொன்னதை நேரத்தோடு டிக்கெட்டின் பின்னால் குறித்துத் தரும்படி பணிவாகக் கேளுங்கள். மறுத்தால் அவர் முன்னிலையிலேயே உங்கள் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

ரயிலே ரத்தானால் கதை வேறு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலையகப் பாதையைச் சிதைத்ததுபோல் ஏதும் நேர்ந்தால், டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருந்து பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

3. கடிதம்

தமிழில் எழுதுங்கள். தமிழும் ஆட்சிமொழி, தமிழில் தொடர்புகொள்ளும் உரிமை அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயத்தில் இருக்கிறது. புகையிரதப் பொது முகாமையாளருக்கு, பதிவுத் தபாலில். புலம்பல் வேண்டாம், இப்படி நாலு வரி போதும்:

"இன்ன திகதி, இன்ன நிலையம். 10.50க்கு வந்த வண்டியில் எனக்கு ஒதுக்கப்பட்ட பெட்டியின் இரு வாசல்களும் அடைபட்டிருந்ததால் ஏற இயலவில்லை. 10.58க்கு நிலைய அதிபரிடம் தெரிவித்தேன். டிக்கெட் பிரதி இணைப்பு. கட்டணத்தைத் திருப்பித் தருமாறு வேண்டுகிறேன்."

டிக்கெட்டின் மூலத்தை அனுப்பிவிடாதீர்கள். தபால் பற்றுச்சீட்டையும் அதோடு சேர்த்து வையுங்கள். டிக்கெட் பணத்துக்கு மேல் பெருந்தொகை நட்டஈட்டை எதிர்பார்த்து இதில் இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

4. பதில் வராவிட்டால்

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. திணைக்களத்தின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பியுங்கள். கேள்வி குறுகியதாக இருக்கட்டும்: "இன்ன திகதியில் நான் அனுப்பிய முறைப்பாட்டின் மீது எடுத்த நடவடிக்கை என்ன?" ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவலைத் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானிக்க வேண்டும்.

பெரியம்மா இப்போது டிக்கெட்டைத் தன் சுருக்குப் பையில் போட்டு முடிந்துகொள்கிறார். வெளிவாசலில் யார் கை நீட்டினாலும், "ரயில் ஏறினேனா?" என்றுதான் முதலில் கேட்கிறார்.