ஏர்ஃபுளோ சென்சர் போச்சுன்னு சொன்னா உடனே மாத்திடாதீங்க, முதல்ல இத பாருங்க

செக் இன்ஜின் லைட் எரியுது, ஸ்கேன் பண்ணா பி0101ன்னோ பி0171ன்னோ ஒரு கோடு வருது, பெங்கல்ல, அதான் ஒர்க்ஷாப்ல, "ஏர்ஃபுளோ சென்சர் போச்சுண்ணே, மாத்தணும்"னு சொல்லிட்டாங்க. இன்ஜினுக்குள்ள போற காத்த அளக்குறதுதான் இந்த சென்சர். இப்படி சொன்னத கேட்டு காசு கொடுத்தவங்க நம்ம ஆளுங்கள்ல நிறைய பேர், அதுல என் மாமாவும் ஒருத்தர். அவரோட 1.5 லிட்டர் டொயோட்டா வியோஸ் காடி தைப்பூசத்தன்னைக்கு பினாங்கு தண்ணீர்மலை கோயிலுக்கு போற ஜாம்ல ஊர்ந்துக்கிட்டு இருக்கும்போது ரெண்டு தடவ செத்துப்போச்சு, உள்ள அத்தையும் சின்ன பிள்ளைங்களும் வேற. மறுநாளே பிறையில ஒரு பெங்கல்ல விட்டாரு, சென்சர் மாத்தி 380 வெள்ளி வாங்கினாங்க. மூணாவது நாள் பாலத்துல போகும்போது அதே லைட்டு. ராத்திரி போன் பண்ணி "தம்பி, நீ கொஞ்சம் வந்து பாருடா"ன்னாரு. போய் பாத்தா சென்சருக்கும், மிதிக்கும்போது காத்துக்கு வழி திறந்து விடுற திராட்டலுக்கும் நடுவுல இருக்கிற ரப்பர் ஹோஸ்ல, அடிப்பக்கம், அந்த மடிப்புக்குள்ள, விரல் நகம் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. மேல இருந்து பாத்தா ஒன்னும் தெரியாது, ஹோஸ கையில புடிச்சு வளைச்சாதான் வாய் தொறக்குது. பழைய சென்சர்ல ஒரு கோளாறும் இல்ல.

அதனால மாத்துறது எப்படிங்கறத விட, மாத்தணுமா வேணாமான்னு கண்டுபுடிக்கிறதுதான் இதுல பெரிய வேலை. மாத்துறது பத்து நிமிஷம்தான்.

முதல்ல உங்க காடியில இந்த சென்சர் இருக்கான்னே பாருங்க. ஏர் ஃபில்டர் பெட்டியில இருந்து இன்ஜினுக்கு போற குழாய்ல, பெட்டிய ஒட்டின மாதிரி, ஒரு பிளாஸ்டிக் துண்டு ரெண்டு ஸ்குரூவுல உக்காந்திருக்கும், அதுல நாலு இல்ல அஞ்சு ஒயர் வரும், அதுதான் மாஃப் சென்சர், ஏர்ஃபுளோ சென்சர்னு சொல்றதும் இதத்தான். வியோஸ், ஆல்டிஸ், லிவினா இதுலல்லாம் இருக்கும். புரோட்டோன் கேம்ப்ரோ இன்ஜின், பழைய மைவி 1.3 எல்லாம் வேற வகை, அதுல மேப் சென்சர்னு ஒன்னு, இன்ஜினுக்குள்ள காத்து பிரிஞ்சு போற மேனிஃபோல்டுல இருக்கும், அது காத்தோட அழுத்தத்த அளக்கும். அந்த காடி வச்சிருக்கவங்களுக்கு நான் கீழ சொல்ற கிராம் கணக்கு ஒத்துவராது, ஆனா ஹோஸ் செக் பண்றது எல்லாருக்கும் பொருந்தும்.

இது வேலை செய்யிற விதம் தெரிஞ்சா மிச்சது தானா புரியும். உள்ள ஒரு மெல்லிசான கம்பி இருக்கு, அத கரண்ட் விட்டு சூடாவே வச்சிருப்பாங்க. காத்து அத தாண்டி போகும்போது கம்பி ஆறும், ஆறினத திரும்ப அதே சூட்டுக்கு கொண்டு வர எவ்ளோ கரண்ட் வேணும்னு பாத்து, ஒரு செகண்டுக்கு எத்தன கிராம் காத்து உள்ள போகுதுன்னு ஈசியூ, அதாவது இன்ஜினோட கம்ப்யூட்டர், கணக்கு போடும். பெட்ரோல் 1 கிராமுக்கு காத்து 14.7 கிராம், இந்த கணக்குலதான் எண்ணெய், அதாவது பெட்ரோல், அடிக்கும். கம்பி மேல தூசியும் எண்ணெய் பசையும் படிஞ்சா போர்வை போத்தின மாதிரி, காத்து வேகமா வந்தாலும் சரியா ஆறாது, சென்சர் கம்மியா காட்டும், ஈசியூ எண்ணெயும் கம்மியா அடிக்கும். மேடு ஏறும்போது இழுவை இல்லாம போறது இதனாலதான். ஆயர் ஈத்தாம்ல இருந்து பாயா தெருபோங் வழியா துன் சார்டோன் ரோட்ல பாலிக் புலாவ் பக்கம் ஏறிப்பாருங்க, சென்சர் அழுக்கா இருந்தா அந்த வளைவுலயே தெரிஞ்சிடும்.

இப்ப செக் பண்றது. புளூடூத் ஓபிடி ஸ்கேனர் ஒன்னு கண்டிப்பா வாங்கி வச்சுக்குங்க, ஸ்டேரிங் கீழ இருக்கிற சாக்கெட்ல குத்தி போன்ல பாக்குறது, வெல குறைச்சல்தான், ஒரே தடவையில போட்ட காச எடுத்திடலாம். கோட மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க. பி0101னா சென்சர் சொல்றது மத்த கணக்கோட ஒத்துவரலன்னு அர்த்தம், சென்சர் செத்துப்போச்சுன்னு அர்த்தம் இல்ல. பி0171னா காத்து கூட எண்ணெய் கம்மி, அதுக்கு பத்து காரணம் இருக்கலாம். பி0102 சிக்னல் ரொம்ப கம்மி, பி0103 சிக்னல் ரொம்ப கூட, இந்த ரெண்டுல எது வந்தாலும் ஒயர், பிளக்கு, சென்சர் இந்த மூணுல ஒன்னு.

லைவ் டேட்டாவுக்கு போங்க. இன்ஜின் நல்லா சூடானதுக்கப்புறம், ஏர்கோன் அடைச்சிட்டு, ஐடில்ல, அதாவது மிதிக்காம ஓட விட்டு, மாஃப் எத்தனன்னு பாருங்க. 1.5 லிட்டர் இன்ஜினுக்கு செகண்டுக்கு 2 கிராம் சுத்தி வரணும், கொஞ்சம் முன்ன பின்ன இருக்கலாம், 3 வரைக்கும் ஓகே. மெதுவா 2500 ஆர்பிஎம்முக்கு ஏத்தினா 6, 7ன்னு வழுவழுன்னு ஏறணும், நடுவுல குதிக்கவோ திடீர்னு விழவோ கூடாது. இன்னொரு கணக்கு, ரெண்டாவது கியர்ல மேட்டுல முழுசா மிதிச்சு 4000 ஆர்பிஎம் தொடும்போது 1.5க்கு 50 கிராம் பக்கத்துல வரணும், 30தான் வருதுன்னா சென்சர் பொய் சொல்லுது, இல்ல ஃபில்டர் அடைச்சிருக்கு. இத பாக்கும்போது பக்கத்துல ஒருத்தர் போன புடிச்சுக்கிட்டு உக்காரணும், ஓட்டுறவங்க ஸ்கிரீன பாக்கவே கூடாது, ரோடு காலியா இருக்கணும்.

இதுக்கப்புறம் ஃபியூவல் டிரிம், அதாவது ஈசியூ எண்ணெய எத்தன சதவீதம் கூட்டுது, குறைக்குதுங்கற கணக்கு. மாமா காடிய காட்டிக்கொடுத்தது இதுதான், அதனால கவனமா படிங்க. ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம்னு ரெண்டு நம்பர் இருக்கும், ரெண்டையும் கூட்டிக்குங்க. பிளஸ்னா ஈசியூ எண்ணெய் சேத்து அடிக்குது, மைனஸ்னா குறைக்குது, பிளஸ் மைனஸ் 10க்குள்ள இருந்தா கவலையில்ல. ஐடில்ல பிளஸ் 20 மாதிரி ஏறி, 2500க்கு ஏத்தினா 5க்கு இறங்கிடுச்சுன்னா அது காத்து ஒழுகல், சென்சர் இல்ல. ஏன்னா ஐடில்ல உள்ள போற காத்தே கொஞ்சம், அதுல ஓட்டை வழியா போறது பெரிய பங்கு, ஆர்பிஎம் ஏறினா அந்த ஓட்டை காத்து ஒரு பொருட்டே இல்ல. இதுக்கு நேர்மாறா ஐடில்ல பரவால்ல, லோடு ஏற ஏற பிளஸ்ஸும் ஏறிக்கிட்டே போகுதுன்னா சென்சர் அழுக்கா இருக்கலாம், இல்ல பெட்ரோல் பம்ப் சரியா தள்ளாம இருக்கலாம். மாமா காடியில ஐடில்ல 24, ஏத்தினா 6. அத பாத்துட்டுதான் ஹோஸுக்கு கைய வச்சேன்.

ஹோஸ் செக் பண்றது கண்ணால இல்ல, கையால. மடிப்பு மடிப்பா விரல விட்டு வளைச்சு பாருங்க, ரெண்டு பக்கமும் கிளாம்ப் இறுக்கமா இருக்கான்னு பாருங்க, வால்வ் கவர்ல இருந்து வர்ற சின்ன பிசிவி ஹோஸையும் விடாதீங்க, நம்ம ஊரு சூட்டுக்கு ரப்பர் அப்பளம் மாதிரி ஆயிடும். சோப்பு தண்ணிய ஸ்பிரே பாட்டில்ல ஊத்தி, இன்ஜின் ஓடும்போது ஜாயின்ட் ஜாயின்டா அடிச்சா ஒழுகுற இடத்துல தண்ணிய உறிஞ்சுற சத்தம் கேக்கும், ஐடிலும் மாறும். பிளக்கு, ஒயர் பக்கம் மட்டும் தண்ணி படாம பாத்துக்குங்க. சில பேர் கார்ப் கிளீனர் அடிச்சு பாப்பாங்க, சூடான எக்ஸாஸ்ட் மேல பட்டா தீ புடிக்கும், தயவுசெஞ்சு வேணாம்.

ஒயர் பக்கம் வந்தா, எலி. ராத்திரி காடிய கடைவீதி பக்கம் நிறுத்துறவங்களுக்கு நான் சொல்லவே வேணாம். அப்புறம் வெள்ளம். 2017 நவம்பர்ல பினாங்குல வந்த வெள்ளத்துல தண்ணி ஏறின காடி ஒன்ன ரொம்ப நாள் கழிச்சு பாத்தேன், சென்சர் பிளக்க கழட்டினா உள்ள பின்னு பச்சை பச்சையா பூத்துக்கிடந்துச்சு, அந்த பிளக்க மாத்தினதும் சரியாயிடுச்சு. இன்ஜின் ஓடும்போது ஒயர லேசா ஆட்டி பாருங்க, ஸ்குரூடிரைவர் கைப்பிடியால சென்சர மெதுவா தட்டி பாருங்க, தட்டும்போது இன்ஜின் தடுமாறினா சென்சர் உள்ளயே இணைப்பு விட்டுப்போச்சு.

மல்டிமீட்டர் இருந்தா இன்னும் தெளிவு. டொயோட்டா அஞ்சு ஒயர் சென்சர்ல ஒன்னு 12 வோல்ட் வர்றது, ஒன்னு எர்த், ஒன்னு சிக்னல், மிச்ச ரெண்டும் காத்தோட சூட்டை அளக்குற தெர்மிஸ்டருக்கு. உங்க மாடலுக்கு எது எதுன்னு ஒயரிங் படத்துல பாத்துக்குங்க. பிளக்க மாட்டினபடியே பின்னாடி ஊசி மாதிரி முனைய விட்டு அளக்கணும். இக்னிஷன் ஆன், இன்ஜின் ஆஃப், 12 வோல்ட் வருதா, எர்த் நல்லா இருக்கான்னு முதல்ல பாருங்க, அது ரெண்டும் இல்லாம சென்சர குறை சொல்லக்கூடாது. அப்புறம் சென்சர கழட்டி கையில வச்சு, பிளக்கு மாட்டினபடியே, அந்த ஓட்டையில வாயால மெதுவா ஊதுங்க, எச்சில் படாம. சிக்னல் வோல்டேஜ் ஊத ஊத ஏறணும், நிறுத்தினா இறங்கணும். அசையவே இல்லன்னா சென்சர் செத்துப்போச்சு, சந்தேகமே வேணாம். டொயோட்டாவுல சிக்னல் 0.2 வோல்ட்டுக்கு கீழ போனா பி0102, 4.9க்கு மேல போனா பி0103. தெர்மிஸ்டர் 20 டிகிரியில 2.2ல இருந்து 2.7 கிலோ ஓம் காட்டணும், சூடு ஏறினா ஓம் இறங்கும், அதனால நம்ம ஊரு மதியத்துல இத விட கம்மியா வந்தா பயப்படாதீங்க.

மீட்டர் இல்லாதவங்களுக்கு ஒரு வழி. இன்ஜின அடைச்சு, சாவிய எடுத்துட்டு, சென்சர் பிளக்க கழட்டி திரும்ப ஸ்டார்ட் பண்ணுங்க. ஈசியூ திராட்டலயும் ஆர்பிஎம்மையும் வச்சு ஒரு குத்துமதிப்பு கணக்குல ஓட்டும். பிளக்கு இல்லாம இன்ஜின் முன்ன விட நல்லா ஓடுதுன்னா சென்சர் தப்பான கணக்கு கொடுத்துக்கிட்டு இருந்துச்சுன்னு அர்த்தம். இப்ப புதுசா பி0102, பி0113 கோடு வரும், ஸ்கேனர்ல காத்து சூடு மைனஸ் 40ன்னு காட்டும், அது பிளக்கு கழட்டினதால, பதறாதீங்க, முடிச்சதும் கிளியர் பண்ணிடுங்க.

சரி, சென்சர்தான்னு தோணினாலும் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவ கழுவுங்க. மாஃப் சென்சர் கிளீனர்னே தனியா ஸ்பிரே இருக்கு, அதுதான் வேணும். கார்ப் கிளீனர், பிரேக் கிளீனர் அடிச்சா உள்ள இருக்கிற பிளாஸ்டிக்கும் பூச்சும் கெட்டுப்போயிடும். போன் டார்ச்ச அடிச்சு அந்த ஓட்டைக்குள்ள பாருங்க, சின்ன கண்ணாடி மணி மாதிரி ஒன்னு கம்பியில தொங்கிக்கிட்டு இருக்கும், அழுக்கா இருந்தா அது மேல சாம்பல் கலர்ல பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கும், சில நேரம் ஒரே ஒரு முடி குறுக்க கிடக்கும். பஞ்சு குச்சி, துணி, விரல் எதுவும் படக்கூடாது, தொட்டா அறுந்துடும். கொஞ்சம் தள்ளி வச்சு பத்து பதினஞ்சு தடவ விட்டு விட்டு அடிங்க, கம்ப்ரஸர் காத்து அடிக்காதீங்க, அரை மணி நேரம் தானா காய விடுங்க, ஈரத்தோட மாட்டாதீங்க. எண்ணெய் தடவுற வகை காட்டன் ஃபில்டர் போட்டிருக்கவங்க எண்ணெய அளவா தடவணும், கூடிப்போனா அது நேரா இந்த கம்பியிலதான் வந்து ஒட்டும்.

கழுவியும் சரியாகல, ஊதினாலும் அசையலன்னா மாத்துங்க. சென்சர் மேலயே நம்பர் அடிச்சிருக்கும், டொயோட்டாவுல 22204ன்னு ஆரம்பிக்கும், அத போட்டோ புடிச்சுக்கிட்டு போய் முழு நம்பரும் ஒத்தா மட்டும் வாங்குங்க. பிளக்கு பொருந்துது, ஸ்குரூ ஓட்டை பொருந்துதுன்னு வாங்காதீங்க, உருவம் ஒன்னா இருந்தாலும் உள்ள கணக்கு வேறயா இருக்கும். ஆன்லைன்ல ரொம்ப மலிவா அசல் பெட்டியில வர்றது எனக்கு நம்பிக்கையே இல்ல. அந்த காசுக்கு ஜெலுத்தோங் பக்கமோ பட்டர்வொர்த் பக்கமோ பழைய காடி சாமான் விக்கிற ஹாஃப்கட் கடையில அதே நம்பர் உள்ள பழைய அசல் சாமான் எடுத்து, கழுவி போடலாம். சரியில்லன்னா மாத்தி தருவீங்களான்னு டவுக்கேகிட்ட, அதான் கடை முதலாளிகிட்ட, முன்னாடியே கேட்டுக்குங்க.

மாட்டுறது சுலபம். சாவிய எடுத்துடுங்க. பிளக்கோட லாக்க அமுக்கிக்கிட்டே பிளக்கோட உடம்ப புடிச்சு இழுங்க, ஒயர புடிச்சு இழுக்காதீங்க, பழைய காடியில அந்த லாக்கு பிஸ்கட் மாதிரி ஒடியும், அதனால அவசரம் வேணாம். ரெண்டு ஸ்குரூ, நேரா மேல தூக்குங்க. ஓ ரிங் பழைய ஓட்டையிலயே ஒட்டிக்கிட்டு நிக்கும், பாத்து எடுத்துடுங்க, ரெண்டு ரிங் சேந்தா உக்காராது, ரிங்கே இல்லன்னா காத்து ஒழுகும். குழாயோட சேந்து வர்ற வகைன்னா அம்புக்குறி இன்ஜின் பக்கம் பாக்கணும். ஸ்குரூ பிளாஸ்டிக்லதான் இறங்குது, கையால இறுக்கினது போதும். ஏர் ஃபில்டரையும் அப்பவே பாருங்க, பெட்டிக்குள்ள இலை, மண்ணு இருந்தா தொடைச்சிடுங்க.

எல்லாம் மாட்டினதும் கோட கிளியர் பண்ணி, ஏர்கோன் அடைச்சு பத்து நிமிஷம் ஐடில்ல விடுங்க, அப்புறம் ஜாம்லயும் ஹைவேலயும் கலந்து ரெண்டு மூணு நாள் ஓட்டுங்க. லாங் டெர்ம் டிரிம் பழைய கணக்க விட்டு புதுசு கத்துக்க கொஞ்சம் ஓடணும், முதல் நாளே ஐடில் லேசா ஆடினா சென்சர குறை சொல்லாதீங்க. மாமா காடிக்கு புது ஹோஸ் போட்டு, அவரோட பழைய சென்சரையே கழுவி மாட்டினேன், நாலாவது நாள் பாலத்துல அந்தப் பக்கம் போய் திரும்பி வந்து பாத்தப்ப ஐடில்ல மாஃப் 2.2, டிரிம் பிளஸ் 3. 380 வெள்ளி கொடுத்த சென்சர் பெட்டியோட அவர் காடி பூட்லதான் இருக்கு.