முதல் எக்ஸ்கவேட்டரை செகண்ட் ஹேண்டில் வாங்குவது எப்படி?

வாடகை கொடுத்தே காசு கரைகிறது, சொந்தமாக ஒன்று வாங்கிவிடலாம் என்று சேமிப்பைத் திரட்டிக்கொண்டு சிங்கப்பூரில் ஜூரோங், துவாஸ் பக்கம் யார்டு யார்டாக ஏறி இறங்கும் தம்பிகள் பலர். புது பெயிண்டையும் வண்டி ஓடியதாக மீட்டர் காட்டும் மணிக்கணக்கையும் நம்பி யாரும் பணத்தைக் கொடுத்துவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. வேலையை வைத்து அளவை முடிவு செய்யுங்கள்

தரைவீட்டுப் புதுப்பிப்பு வேலை என்றால் இடம் குறுகல். திரும்பும்போது வண்டியின் பின்பக்கம் அடுத்த வீட்டுச் சுவரில் இடித்துவிடும். பின்பக்கம் குட்டையான கொமாட்சு பிசி138யூஎஸ் போன்ற மாடல் அங்கே கைகொடுக்கும். பெரிய மண்வேலைக்கு 20 டன் வகை.

2. யார்டுக்குப் போகுமுன் விவரம் கேளுங்கள்

சீரியல் எண், தயாரித்த ஆண்டு, எஞ்சின் தகட்டின் படம் இவற்றை வாட்ஸ்அப்பில் வாங்கிவிடுங்கள். ஜப்பானிலிருந்து நீங்களே இறக்குமதி செய்வதாக இருந்தால் எஞ்சின் தகடு மிக முக்கியம். 2012 ஜூலை 1 முதல், இங்கே பயன்படுத்த இறக்குமதியாகும் இத்தகைய டீசல் எஞ்சின்கள் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் புகை வரம்புக்குள் இருக்க வேண்டும். இறக்குமதிக்கு 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் உண்டு. அதை விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

3. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள்

என் முதல் வண்டியைப் பார்க்கப் போனபோது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, கேபினில் ஏர்கானும் ஜில்லென்று இருந்தது. நல்ல வண்டி என்று மகிழ்ந்து முன்பணம் கொடுத்தேன். சைட்டுக்கு வந்த மறுநாள் காலை ஏழு மணிக்கு அது ஸ்டார்ட் ஆகவே இல்லை. சூடாக இருந்தால் மட்டுமே பிடிக்கிற எஞ்சின் அது.

அதனால் சொல்கிறேன், "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். போனதும் பானெட்டைத் திறந்து எஞ்சின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். ஸ்டார்ட் ஆனதும் புகையைக் கவனியுங்கள். நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயிலை எரிக்கிறது. அப்புறம், எஞ்சின் ஐடிலில் (வேகம் கூட்டாமல்) ஓடும்போது ஆயில் மூடியைக் கழற்றி, அதே துளைமேல் தலைகீழாக வையுங்கள். மூடி துள்ளி விழுந்தால் பிஸ்டன், ரிங் பக்கம் தேய்மானம் அதிகம்.

4. குனிந்து டிராக்கை (சக்கரத்துக்குப் பதிலாக உள்ள சங்கிலிப் பட்டையை) பாருங்கள்

அதிகப் பணம் போவது இங்கேதான். கையில் டார்ச் இருக்கட்டும். பின்னால் டிராக்கைச் சுழற்றும் பல்சக்கரமான ஸ்புராக்கெட்டின் பற்கள் ரோஜா முள்ளைப்போல் ஒரு பக்கம் சாய்ந்து கூராக இருந்தால் ஆயுள் முடிந்தது. அதை மட்டும் மாற்றினால் போதாது, தேய்ந்த செயின் புதுப் பற்களையும் தின்றுவிடும். டிராக்கை இழுத்துப் பிடிக்கும் முன்பக்கச் சக்கரமான ஐட்லர் எவ்வளவு தூரம் வெளியே தள்ளி நிற்கிறது என்றும் பாருங்கள். முழுக்கத் தள்ளியிருந்தால் இனி இறுக்க இடமில்லை என்று அர்த்தம். டிராக்கைத் தாங்கும் சிறு உருளையான ரோலரைச் சுற்றி ஈரமான எண்ணெய் இருந்தால் சீல் போய்விட்டது.

கடலைத் தூர்த்து நிலமாக்கும் வேலையில் இருந்த வண்டியா என்று கேளுங்கள். கேட்டாலும் சொல்ல மாட்டார்கள், நீங்களே பாருங்கள்: போல்ட் தலைகளில் செதில் செதிலாகத் துரு, வயர் கனெக்டரில் பச்சைப் பூப்பு. உப்புத் தண்ணீர் ஏறிய வயரிங்கை நம்பி வேலை எடுக்க முடியாது. நான் வாங்க மாட்டேன்.

5. சூடாகும்வரை ஓட்டுங்கள்

ஐந்து நிமிடம் போதாது. பலவீனமான ஹைட்ராலிக் பம்ப் ஆயில் சூடான பிறகுதான் தன்னைக் காட்டும். முக்கால் மணி நேரமாவது தோண்டச் சொல்லுங்கள். நேராக ஓட்டும்போது ஒரு பக்கம் இழுக்கிறதா, பக்கெட்டைத் தரையில் ஊன்றி அழுத்தும்போது மேல்பாகத்துக்கும் கீழ்பாகத்துக்கும் நடுவே ஆட்டம் தெரிகிறதா என்று தள்ளி நின்று பாருங்கள். பூமில் (வண்டியின் பெரிய கையில்) புது பெயிண்டுக்கு அடியில் வெல்டிங் தழும்பு தெரிந்தால் எதற்காக வெல்டிங் செய்தார்கள் என்று கேளுங்கள். மீட்டர் 4,000 மணி காட்டும், பெடல் ரப்பரோ வழவழவென்று தேய்ந்திருக்கும். அப்போது பெடலை நம்புங்கள்.

6. பணம், பத்திரம்

டிராக் வண்டிக்கு காரைப்போல் லாக் கார்டு (உரிமையாளர் விவரம் உள்ள பதிவுப் பத்திரம்) கிடையாது. விற்பவர் வாங்கிய பில், கடன் இருந்திருந்தால் அது தீர்ந்ததற்கான கடிதம் இரண்டையும் கேளுங்கள். உங்கள் பில்லில் சீரியல் எண் இருக்க வேண்டும், வண்டியில் உள்ள தகட்டோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். எக்ஸ்கவேட்டரால் பைப் போன்றவற்றைத் தூக்கவும் போகிறீர்கள் என்றால் மனிதவள அமைச்சிடம் பதிந்து, அங்கீகாரம் பெற்ற பரிசோதகரிடம் 12 மாதத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். வண்டியை ஏற்றி வரும் லோ-பெட் லாரியின் செலவு யாருடையது என்பதை அன்றே பேசிவிடுங்கள்.

வண்டி வந்து இறங்கிய அன்றே எல்லா ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, மீட்டரில் உள்ள மணியைக் கேபின் கதவின் உட்பக்கம் மார்க்கரால் எழுதிவையுங்கள். அடுத்த சர்வீஸை அங்கிருந்து எண்ணிக்கொள்ளலாம்.