அலையில் இறங்கித் தூண்டில் போடுபவர்கள் காலிலும் மேலிலும் செய்யும் தவறுகள்

ஏப்ரல் 15 ஆனதும் விசைப்படகுகள் தடைக்காலத்துக்காகக் கரையில் நின்றுவிடும். ஜூன் 14 வரை அப்படித்தான். அதே நாட்களில் சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தூண்டில் ராடு கட்டிய பைக்குகள் கூடிவிடுகின்றன. பாலவாக்கம் தொடங்கி பனையூர், உத்தண்டி வரை ஞாயிறு விடியலில் போய்ப் பாருங்கள். ராடு, ரீல், லைன் எல்லாவற்றையும் வீடியோ மேல் வீடியோவாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். காலுக்கும் உடம்புக்கும் மட்டும் கையில் கிடைத்ததை மாட்டிக்கொண்டு வந்திருப்பார்கள். இல்லையென்றால், அதைவிட மோசமாக, எந்த நாட்டுக் கடலுக்கோ செய்ததைக் காசு கொடுத்து வாங்கி வந்திருப்பார்கள். எங்கள் கூட்டம் ஆரம்பத்தில் அடித்த அதே கூத்துதான், இப்போது கொஞ்சம் கூடுதல் விலையில் நடக்கிறது.

தொப்பி போடு, தண்ணீர் குடி, போனை உறையில் வை என்பதெல்லாம் இங்கே வராது. அது தெரியாமல் யாரும் கடலுக்கு வருவதில்லை.

மார்பு வரை ரப்பர்

வேடர்ஸ் என்று விற்கிறார்கள். பாதத்தில் பூட்ஸ், அதோடு ஒட்டிய கால்சட்டை, மார்பு வரை ஏறும், தோளில் பட்டை. வெளிநாட்டு மீன்பிடி வீடியோவில் எல்லோரும் அதைப் போட்டிருப்பதால் நம்மவர்களும் ஆர்டர் போடுகிறார்கள். இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு எரிச்சல் அடங்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த உடுப்பு எதற்காகப் பிறந்தது என்று யோசித்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். பத்துப் பன்னிரண்டு டிகிரி குளிர் நீரில் மணிக்கணக்காக நிற்பவனுடைய கால் விறைக்காமல் இருக்கத்தான் அது. நம் கடலின் மேல்நீர் கோடையில் 28 டிகிரி, 30 டிகிரி என்று இருக்கும். அதில் நனைவதால் என்ன கெட்டுவிடும்? ஒன்றும் இல்லை. இங்கே பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: உள்ளே போன தண்ணீர் எவ்வளவு சீக்கிரம் வெளியே வருகிறது. வேடர்ஸ் அந்த வேலையை மட்டும் செய்யவே செய்யாது.

'மூச்சு விடும் துணி' என்று விளம்பரத்தில் எழுதியிருக்கும். பொய் இல்லை, ஆனால் அரைகுறை உண்மை. அந்தப் படலம் வியர்வையை ஆவியாக வெளியே அனுப்புவதற்கு, உள்ளே வெப்பமும் ஈரமும் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருக்க வேண்டும். மே மாதச் சென்னையில் வெளியே எங்கே குறைவு? காற்றிலேயே ஈரம் பிழியலாம். அதனால் வியர்வை உள்ளேயே வழிந்து, கடல் நீர் ஒரு சொட்டும் புகாமலே ஆள் தொப்பலாக நனைந்துவிடுவார்.

அப்புறம்தான் உண்மையான ஆபத்து. வேடர்ஸுடன் இடுப்பில் இறுக்கிக் கட்ட ஒரு பெல்ட் வரும். விழுந்தால் மேலே இருந்து தண்ணீர் சட்டென்று காலுக்குள் இறங்காமல் தடுப்பது அதுதான். ஆனால் பெல்ட்டை இறுக்கினால் உள்ளே காற்றோட்டம் சுத்தமாக நின்றுவிடும், புழுக்கம் தாங்காது. எனவே எட்டு மணி வெயிலுக்கே நம்மவர்கள் பெல்ட்டைக் கழற்றி மணலில் போட்டுவிடுகிறார்கள்.

போன கோடையில் ஈஞ்சம்பாக்கத்தில் ஒரு தம்பி இப்படித்தான் பெல்ட் இல்லாமல் தொடையளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். வீசிவிட்டு ரீலைக் குனிந்து பார்த்த நேரத்தில் அலை முட்டிக்குப் பின்னால் அடித்தது. விழுந்தார். எழுந்திருக்கவில்லை. மூழ்குகிற ஆழம்கூட இல்லை அது. கையையும் முட்டியையும் ஊன்றி வந்துவிட்டார், ஆனால் கால் எழும்பவில்லை. பின்னாலேயே அடுத்த அலை, அதற்கடுத்த அலை. பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த இருவர் ஓடிவந்தார்கள், நானும் போனேன். தோள்பட்டையைப் பிடித்து இழுத்துத்தான் கரைக்குக் கொண்டுவந்தோம். அவர்களில் மூத்தவர் கேட்டார்: "இந்தச் சாக்கை எதுக்கு சார் மாட்டுறீங்க? கடலுக்கு வேணும்னா நிஜார் போதாதா?"

உள்ளே தண்ணீர் புகுந்தால் அது கல்லைப் போல ஆளைக் கீழே இழுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடை கிடையாது. எடை தெரிவது, காலைத் தண்ணீரை விட்டு வெளியே தூக்கும்போது. இரண்டு காலிலும் சேர்த்து ஒரு குடத்துக்குக் குறையாமல் தண்ணீர் நிற்கும், லிட்டருக்கு ஒரு கிலோ. அதைக் கட்டிக்கொண்டு மேட்டில் ஏற வேண்டும். நம் கரையோ பெரும்பாலும் செங்குத்தான சரிவு. இரண்டடி வைத்தால் முட்டி, இன்னும் இரண்டடியில் இடுப்பு. அலை உள்வாங்கும்போது குதிகாலுக்கு அடியில் உள்ள மணலையும் சேர்த்து உருவிக்கொண்டு போகும். வெறுங்காலோடு நிற்பவனே தடுமாறுகிற இடத்தில் குடம் கட்டிய காலோடு ஏறுவது நடக்காது.

'இடுப்பளவு போனால்தான் மீன் இருக்கும்' என்பது இதோடு ஒட்டிவரும் இன்னொரு நினைப்பு. கிழங்கான் மீன் கரையலை உடைகிற இடத்துக்குப் பின்னாலேயே, மணல் கலங்கும் பள்ளத்தில்தான் மேயும். முட்டியளவில் நின்று வீசினாலே அந்தப் பள்ளம் தாண்டி லைனில் கட்டிய ஈயக் குண்டு போய் விழும். பல நேரம் நாமே அந்தப் பள்ளத்தில் நின்றுகொண்டு மீனைத் தேடுகிறோம்.

வாங்கிவிட்டவர்கள் மலையில் குளிர்ந்த ஓடைப் பக்கம் போகும் நாளுக்கு எடுத்து வையுங்கள். இங்கே வேண்டாம்.

கம்பூட்ஸ்

மேலே சொன்னதேதான், முழங்கால் வரை.

ஜீன்ஸ்

தயவுசெய்து வேண்டாம்.

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்குவது

அவிழ்ந்தால் மானம் போகும் என்பது இருக்கட்டும். இரண்டு காலையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டால் ஆளே போய்விடுவார்.

ஓட்டை போட்ட ஷூ, உள்ளே மணல்

வேடர்ஸ் வேண்டாம் என்று சொன்னதும் அடுத்த ஓரத்துக்குப் போய்விடுகிறார்கள். நீர் வடிய வேண்டும், அவ்வளவுதானே என்று பெரிய வலைக்கண் வைத்த ஓட்டப்பயிற்சி ஷூவோடு வருவார்கள். நீர் வடியும், சரி. ஆனால் வலைக்கண் வழியாக மணலும் வரும், வந்த மணல் போகாது. சென்னைக் கரை மணல் மாவு அல்ல, சிப்பித் தூள் கலந்த பருமணல். அரை மணி நேரத்தில் விரல் நுனியில் ஒரு கைப்பிடி சேர்ந்து, சுண்டு விரலையும் குதிகாலையும் உரசி உரசித் தோலை எடுத்துவிடும். அந்தப் புண்ணில் உப்பு நீர் படும் சுகத்தை நான் விவரிக்க வேண்டியதில்லை.

நெருக்கமான நெசவு உள்ள மேல்துணி, பக்கவாட்டில் பாதத்தின் வளைவுக்கு அருகே சின்ன வடிகால் துளைகள், கயிறு போட்டு இறுக்கும் வசதி. இந்த மூன்றும் இருந்தால் போதும். இதற்கென்று விலை உயர்ந்த காலணிகள் கிடைக்கின்றன. ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடும் வெள்ளை கேன்வாஸ் ஷூவே இந்த வேலையை முக்கால்வாசி செய்துவிடும். ஆணியைச் சூடுபடுத்தி, அடித்தட்டுக்குச் சற்று மேலே உள்ள ரப்பர் விளிம்பில், உள்பக்கமும் வெளிப்பக்கமும் இரண்டு மூன்று துளை போட்டுவிட்டால் ஆயிற்று. வீட்டுக் குழாயில் ஷூவை நிரப்பித் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் உடனே வடியத் தொடங்கிச் சீக்கிரம் தீர்ந்துவிட வேண்டும். நின்று நிதானமாகச் சொட்டினால் துளை பத்தவில்லை.

அளவு பார்ப்பதில் இன்னொரு சறுக்கல் உண்டு. சாக்ஸ் இல்லாமல் கடையில் போட்டுப் பார்த்து வாங்குவார்கள், கடலுக்கு சாக்ஸோடு வருவார்கள். அல்லது நேர்மாறாக. எந்த சாக்ஸைப் போடப் போகிறீர்களோ அதையே எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். மெல்லிய நியோப்ரீன் சாக்ஸ் நல்லது, நைலான் பரவாயில்லை, பருத்தி நனைந்ததும் ஊறிச் சுருண்டு விரலடியில் மடிப்பாகிவிடும். போட்டு முடித்ததும் ஷூவின் குதிகாலைப் பிடித்து இழுக்கும்படி ஒருவரிடம் சொல்லுங்கள். கழன்றால், உள்வாங்கும் அலையும் கழற்றும்.

பக்கவாட்டு ஜிப் வைத்த பூட்ஸ் வாங்குபவர்கள் ஜிப் பல் பிளாஸ்டிக்கா உலோகமா என்று பாருங்கள். உலோகம் என்றால் விட்டுவிடுங்கள். உப்பு பிடித்து இறுகிப்போன ஜிப்புக்குள் காலைச் சிக்கவைத்துக்கொண்டு பார்க்கிங்கில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

குரோக்ஸ், பாத்ரூம் செருப்பு

மிதக்கும். உங்கள் காலில் அல்ல.

பாறைக்கும் அதே ஷூ

வடசென்னையில் ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் தூண்டில் வளைவுகள் (கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிக் கொட்டிய கல் சுவர்கள்) மேல் நின்று போடுகிறவர்களுக்கு இது. மணலில் அடித்தட்டு எதுவாக இருந்தாலும் நடந்துவிடலாம். அலை தொடும் பாறையில் பச்சைப் பாசி படிந்திருக்கும். அதில் கெட்டியான பிளாஸ்டிக் அடித்தட்டு வழுக்கும், மிருதுவான ரப்பர் ஓரளவு பிடிக்கும், ஃபெல்ட் என்னும் கம்பளி போன்ற அடித்தட்டு நன்றாகவே பிடிக்கும். ஆனால் ஃபெல்ட்டோடு மணலில் நடந்தால் மணலை அப்பிக்கொண்டு கனத்துவிடும், சீக்கிரம் தேய்ந்தும் போகும். ஆணி பதித்த அடித்தட்டு உப்பு நீரில் துருப்பிடிக்கும். ஆக, எல்லா இடத்துக்கும் ஒரே ஷூ என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள்.

பாறையில் விழுந்தால் வழுக்கலைவிட, ஒட்டி வளர்ந்திருக்கும் கூரான ஓடுள்ள கொட்டலசுதான் கொடுமை. முட்டியும் உள்ளங்கையும் கீறிப் பிளந்துவிடும். அதனால் அங்கே அரைக்கால் சட்டை வேண்டாம், முழுக்கால் டைட்ஸ் போடுங்கள். அதோடு, ஈரம் படிந்த கல்லில் நிற்காமல், அதைவிட உயரத்தில் காய்ந்த கல்லிலேயே நின்றுகொள்ளுங்கள். நனைந்திருக்கிறது என்றால் அலை அங்கே வந்துபோகிறது என்று பொருள். எந்த ஷூவும் அந்த இடத்தைப் பத்திரமாக்காது.

பருத்தி பனியன்

வீட்டில் பருத்திதான் சுகம், ஒப்புக்கொள்கிறேன். கடலில் அது நனைந்து உடம்போடு ஒட்டிக் கனக்கும், காய நேரமாகும். வெள்ளைப் பருத்தி நனைந்தால் வெயிலைத் தடுக்கும் திறனும் குறைந்துவிடும். சட்டை போட்டிருந்தோமே, முதுகு எப்படிச் சிவந்தது என்று கேட்பவர்கள் இவர்கள்தான். பாலியஸ்டரில் முழுக்கை ஜெர்சி, கழுத்து மூடியதாக இருந்தால் நல்லது. கிரிக்கெட் டீமுக்கு அடிக்கும் ஜெர்சியே போதும். யூபிஎஃப் 50 என்று முத்திரை இருந்தால், புற ஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்குதான் உள்ளே வரும் என்று அர்த்தம்.

கீழே மெல்லிய லைக்ரா டைட்ஸ், அதன்மேல் சீக்கிரம் காயும் அரைக்கால் சட்டை. டைட்ஸ் போடச் சொன்னால் இளவட்டங்கள் சிரிக்கிறார்கள். கரையோரம் சொறி மீன் (ஜெல்லி மீன்) ஒதுங்குகிற ஒரு நாள் வந்தால் சிரிப்பு நின்றுவிடும். அதன் கொட்டும் செல்கள் மிக நுண்ணியவை, தோலில் நேரடியாகப் படாமல் தடுக்க அந்த மெல்லிய துணியே பெரும்பாலும் போதும். அப்படியும் பட்டுவிட்டால் கடல் நீரால் கழுவுங்கள். பாட்டில் தண்ணீரை ஊற்றினால் வெடிக்காமல் மிச்சமிருக்கும் செல்களும் வெடித்து எரிச்சல் கூடலாம். மணலைப் போட்டுத் தேய்ப்பதும் அதே கதைதான்.

அரைக்கால் சட்டையின் பாக்கெட் உள்துணி வலையாக இருக்கட்டும். கெட்டித் துணி பாக்கெட் இரண்டிலும் அலை தண்ணீரும் மணலும் நிரப்பிவிடும்.

ஷூ இருக்கிறதே என்று திருக்கையை மறப்பது

முட்டுக்காடு முகத்துவாரத்தில் அசையாத் தண்ணீரில் இறங்குகிறவர்கள் இதைக் கவனியுங்கள். திருக்கை மணலுக்குள் புதைந்து படுத்திருக்கும். மிதித்தால் வாலைச் சுழற்றி முள்ளால் குத்தும், அந்த முள் கேன்வாஸையும் ரப்பரையும் துளைக்கும். பெரும்பாலும் குத்து விழுவது கணுக்காலிலும் பாதத்தின் மேலும்தான், ஷூ அங்கே உதவாது. காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்துத் தேய்த்து நடங்கள். அதிர்வு உணர்ந்து அது விலகிவிடும். கெளுத்தியைக் கொக்கியிலிருந்து எடுக்கும்போது குத்தும் முள்ளும் விஷமுள்ளதே.

குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டில், 45 டிகிரி அளவில், வெந்நீரில் அரை மணியாவது முக்கி வைத்தால் வலி தணியும். மற்ற காலால் சூட்டைச் சோதித்துக்கொள்ளுங்கள், குத்துப்பட்ட கால் சூட்டைச் சரியாகச் சொல்லாது. டீக்கடை இருந்தால் வெந்நீர் கிடைத்துவிடும். அதன்பின் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும், முள் துண்டு உள்ளே தங்கியிருக்கலாம்.

சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலில் நிற்பது

மீனவர்கள் வெறுங்காலோடுதானே நிற்கிறார்கள் என்று வாதம் செய்வார்கள். அவர்கள் பாதம் வேறு, நம் பாதம் வேறு. சர்க்கரை நோயில் பாதத்தின் உணர்ச்சி குறைந்தவருக்குச் சிப்பி கிழித்ததே தெரியாது. மே மாத மதிய மணல் சுட்டதும் தெரியாது, கொப்புளத்தை வீட்டில்தான் பார்ப்பார். வெதுவெதுப்பான கடல் நீரில், முக்கியமாக முகத்துவாரங்களில், விப்ரியோ என்னும் பாக்டீரியா இருக்கும். சர்க்கரையோ கல்லீரல் கோளாறோ உள்ளவருக்குச் சின்னக் கீறல் வழியாகவே அது வேகமாகப் பரவக்கூடும். காலில் ஆறாத புண் இருக்கும் நாளில் எந்த ஷூவோடும் இறங்காதீர்கள், கரையில் நின்றே வீசுங்கள். அடையாறு, கூவம் கடலில் சேரும் இடத்தில் சாக்கடையும் சேர்ந்து வருகிறது. அங்கே நல்ல காலோடும் நான் இறங்குவதில்லை.

அப்படியே பையில் கட்டி வைப்பது

வீடு திரும்பியதும் ஷூவையும் டைட்ஸையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள், ஷூவின் உள்தட்டை உருவி எடுத்துத் தனியாகக் காய வையுங்கள். மொட்டை மாடி வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும், ஆனால் அடித்தட்டின் பசை விட்டுப்போகும். பால்கனி நிழல், உள்ளே கசக்கிய செய்தித்தாள், மறுநாள் காலையில் தாளை மாற்றிவிட்டால் அடுத்த ஞாயிறுக்குத் தயார்.